குடிதுறையில் ரத்தம்

ஸஹ்மா
ரஜப் 12, 1381

அன்புத் தம்பி கல்ஃபானுக்கு,

உன்மீது அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். நானும் உன் மதினியும் உம்மாவும் சுகம். குளிருக்கு உம்மாவின் முழங்கால் வலி மட்டும் கூடியிருக்கிறது. நீ கப்பலேறிய செய்தியை மஸ்கத்திலிருந்து வந்தவர் சொன்னார். கடல் ஒத்துக்கொண்டதா, வேலை கிடைத்ததா, படுக்க இடம் உண்டா, எல்லாம் எழுது.

ஒட்டகக்காரன் மத்தரோடு இருட்டிலேயே கிளம்பினாயே, அன்று விடிந்ததும் ஊரில் நடந்ததைக் கேள். பாங்கு சொல்ல வந்த கிழவர்தான் முதலில் பார்த்துக் கத்தினார். குடிதுறைத் தொட்டி முழுக்க ரத்தம். மேலே கொழுப்பு மிதக்கிறது. குடல் துண்டு ஒன்று மடைவாயில் சிக்கி ஆடுகிறது. பூமிக்கடியில் வரும் வாய்க்கால் சுரங்கத்திலிருந்து தண்ணீர் வெளிச்சத்துக்கு வரும் முதல் இடம் அது. அதில் விரல் நனைத்தாலே வாப்பா கம்பை எடுப்பார். அதற்குக் கீழே ஆண்கள் குளிக்க ஒரு துறை, பெண்களுக்கு ஒரு துறை, எல்லாவற்றுக்கும் கீழே இறந்தவரின் மையித்தைக் கழுவ ஒரு துறை என்று முன்னோர்கள் வரிசை வைத்தது விளையாட்டுக்கா?

தொட்டியில் முழங்கை வரை கையை விட்டுக் குனிந்திருந்தான் ஸுவைலிம். நம் வாய்க்கால் சுரங்கத்தில் இறங்கி மண் அள்ளுகிற அதே ஸுவைலிம்தான். கையில் நீல மணி கோத்த ஆட்டுக்கயிறு. ஓடிப்போய்ப் பிடரியைப் பிடித்தேன்.

"ஐயா, என் ஆட்டத் தேடிக்கிட்டு வந்தேன். கயிறு தண்ணியில கெடந்துச்சு, எடுத்தேன். வேற ஒண்ணும் தெரியாதுய்யா" என்றான்.

"ஆடு உன்னுது, கயிறு உன்னுது, ரத்தம் உன் கையில. அப்ப அறுத்தது யாரு, என் பாட்டனா?" என்றேன்.

முந்தின வாரம் ஊர்ச் சபையில் அவன் பேசிய பேச்சு உனக்கு நினைவிருக்கும். "சுரங்கத்துல மூச்சு முட்டிக் கெடந்து தண்ணிய வெளிய கொண்டாறவன் நான். என் பொண்டாட்டி நஸ்ரா மட்டும் எல்லாரும் மொண்ட பிறகு கடைசியில மொள்ளணுமா?" அந்த ஆத்திரத்தில்தான் செய்திருக்கிறான். கூட்டம் சேர்ந்துவிட்டது. "தண்ணிய நஜீஸாக்கிட்டான், நஜீஸாக்கிட்டான்" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். வாய்க்கால் காவல்காரன் நான், தண்ணீர் முறை பிரிக்க நிழல் அளக்கும் கம்பு என் கையில் இருந்தது. அதாலேயே அடித்தேன். அவனுடைய வலது மணிக்கட்டில் பட்டுக் கம்பு இரண்டாக உடைந்தது. மணிக்கட்டும் உடைந்தது. எனக்கு வருத்தமில்லை.

மூன்று நாள் தண்ணீரை வறண்ட ஆற்றில் திறந்துவிட்டுத் தொட்டியைக் கழுவினோம். ஊர் தாகத்தில் தவித்தது.

நீ அந்த வழியாகத்தானே போனாய். அவனைப் பார்த்தாயா? ஒரு வரி எழுது.

உன் அண்ணன்
முஹன்னா


குவைத்
ஷஃபான் 20, 1381

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

ஸலாம். நான் சுகம். உங்கள் சுகத்தையும் உம்மா, மதினி சுகத்தையும் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். உம்மாவின் முழங்காலுக்கு எள்ளெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொல்லுங்கள்.

துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. நம் நாட்டுக்காரர்கள் எட்டுப் பேர் ஓர் அறையில் இருக்கிறோம். குளிர் எலும்பைக் கடிக்கிறது. தண்ணீர் வண்டியில் வருகிறது. யார் எங்கே மொண்டார்கள் என்று இங்கே ஒருவரும் கேட்பதில்லை.

உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு அந்த நஜீஸ் என்ற சொல்லையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாய் வாய்வைத்த தட்டை உம்மா நஜீஸ் என்பார். தொட்டில் பிள்ளை நனைத்த பாயும் நஜீஸ். ஏழு முறை, மூன்று முறை என்று கழுவினால் முடிந்தது. கள் குடித்தவன் வாயையும் அப்படித்தான் சொல்வார்கள். புறம் பேசினால் நோன்பு அசுத்தமாகிவிடும் என்று ஓதிக்கொடுத்தவர் சொல்வார். பிடிக்காத மருமகளைக்கூட ஊரில் சில கிழவிகள் அப்படித் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். தட்டுக்கும் மனிதனுக்கும் ஒரே சொல்லா அண்ணே?

தண்ணீர்தான் கழுவப்பட்டுவிட்டதே. இனி விட்டுவிடக் கூடாதா? ஸுவைலிம் ஏழை. கை உடைந்ததே போதும்.

உங்கள் தம்பி
கல்ஃபான்


ஸஹ்மா
ரமலான் 24, 1381

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். நோன்பு நன்றாகப் போகிறது. உம்மா உட்கார்ந்தபடி தொழுகிறார். எண்ணெய்க்குக் கொஞ்சம் கேட்கிறது. உன் மதினிக்குக் காய்ச்சல் வந்து போயிற்று.

நீ நீளமாக எழுதியிருக்கிறாய். கேட்டதற்குத்தான் பதிலைக் காணோம். ஓதப்போன இடத்திலும் நீ இப்படித்தான், பாடம் கேட்டால் கதை சொல்வாய். இந்த முறை கவனமாக வாசி.

தீர்ப்புக் கேட்கப் பக்கத்து ஊர்க் காழியை அழைத்து வந்தோம். தொட்டியைப் பார்த்தார், தண்ணீரை மோந்தார், குடித்தார். "ஓடுற தண்ணி. நிறமோ மணமோ ருசியோ மாறியிருந்தாத்தான் அசுத்தம். மூணு நாள் ஓடிருச்சு, சுத்தமாயிருச்சு. சாட்சி இல்லாம ஒரு மனுசன் மேல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கழுதையேறிப் போய்விட்டார்.

அவர் போய்விட்டார். ஊர் இங்கேயே இருக்கிறது. ஸுவைலிம் நின்ற வரிசையில் தொழுகைக்கு நிற்க ஆளில்லை. நஸ்ரா சுட்ட ரொட்டியை அண்டை வீட்டில் நாய்க்குப் போட்டார்கள். அவள் கைபட்ட கயிற்றைக் கிணற்றிலிருந்து அறுத்து எறிந்தார்கள். அவன் தோண்டிய சுரங்கத்தில் வருகிற தண்ணீரை மட்டும் எல்லோரும் குடிக்கிறோம். அதை நான் சபையில் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை அவன் வீட்டின் மேல் கல் விழுந்தது. ஒரு கல் நஸ்ராவின் வாயில் பட்டு இரண்டு பற்கள் போயின. வீசியவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

மறுநாள் அவன் உடைந்த கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு என் வாசலுக்கு வந்தான்.

"ஐயா, ஒரே ஒரு ஆளு இருக்காரு. உங்க தம்பி அன்னைக்கு அந்த வழியாத்தான் போனாரு. எனக்கு முன்னாடியே போனாரு. நான் போறப்ப தொட்டி ஏற்கெனவே செவந்து கெடந்துச்சு. அவரு நல்லவரு, பொய் சொல்ல மாட்டாரு. அவருகிட்ட கேளுங்க. அவரு என்ன சொன்னாலும் தலை குனிஞ்சு ஏத்துக்கறேன்."

பார்த்தாயா? அவனே உன்னைச் சாட்சிக்கு அழைக்கிறான். நீ சொல்வதைச் சபையில் வாசிப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். உடனே எழுது.

முஹன்னா


ஸஹ்மா
ஷவ்வால் 20, 1381

தம்பி கல்ஃபானுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். பெருநாள் போயிற்று, பேரீச்சைக்கு மகரந்தம் தூவும் வேலையும் முடிந்தது. குவைத்திலிருந்து ஊருக்கு மூன்று பேர் வந்துவிட்டார்கள், உன் கடிதம் வரவில்லை. உனக்கு உடம்பு சுகமில்லையோ என்று உம்மா அழுகிறார். நீ சுகமாக இருப்பதாக வந்தவர்கள் சொன்னார்கள். சாப்பாட்டில் மட்டும் இறைச்சியை ஒதுக்கிவிடுகிறாயாம். ஏன்?

ஸுவைலிம் தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து தெருவில் நின்றுகொண்டு கேட்கிறான். "கடுதாசி வந்துச்சாய்யா?"

முஹன்னா


குவைத்
ஷவ்வால் 12, 1381

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

ஸலாம். நலம். நலமே கேட்க ஆசை. உம்மாவிடம் என் ஸலாமைச் சொல்லுங்கள், பெருநாளன்று அவருடைய கையை முத்தமிட முடியாமல் போனதைச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அன்று இருட்டில் குடிதுறைப் பக்கமாகப் போனேன். ஒருவன் தொட்டியில் குனிந்திருந்தான். முகம் தெரியவில்லை. வலது தோள் தாழ்ந்திருந்தது போலத் தெரிந்தது. வேறொன்றும் தெரியாது. சத்தியம் செய்யச் சொல்லாதீர்கள்.

இனி இதைப்பற்றி எனக்கு எழுத வேண்டாம் அண்ணே.

கல்ஃபான்


ஸஹ்மா
துல்கஃதா 21, 1381

தம்பி கல்ஃபானுக்கு,

ஸலாம். வீட்டில் சுகம்.

நீ ஷவ்வால் 12-இல் எழுதிய கடிதம், என் கடிதத்தை வழியில் தாண்டி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு சபையில் வாசித்தேன். ஸுவைலிம் வாசற்படிக்கு வெளியே நின்று கேட்டான். 'முகம் தெரியவில்லை' என்று வாசித்தபோது அவன் முகம் மலர்ந்தது. அடுத்த வரியை வாசித்ததும் எல்லோரும் திரும்பி அவன் தோளைப் பார்த்தார்கள். இருபது வருடம் வலது பக்கம் சாய்ந்து மண்கூடை தூக்கி இறங்கிப்போன தோள். ஊரில் வேறு யாருக்கும் அது கிடையாது.

அவன் கத்தவில்லை. "அவரா எழுதினாரு?" என்று மட்டும் கேட்டான். பிறகு நேராகக் குடிதுறைக்கு நடந்தான். நாங்கள் பின்னால் போனோம். நண்பகல், நல்ல வெயில். தொட்டி முன் மண்டியிட்டு, இடது கையால் அள்ளிக் குடித்தான். ஊர் பார்க்கக் குடித்தான். முகத்தைக் கழுவினான்.

"ஊருக்கெல்லாம் தண்ணி கொண்டாந்தவன் நான். நானும் இங்கதான் குடிப்பேன். நஜீஸானது தண்ணியா, நானா, நீங்களா, அல்லாஹ் பார்த்துக்கட்டும்."

அதற்குப் பிறகு நடந்தது சீக்கிரம் நடந்தது. கல், கம்பு, செருப்பு. ஒருவன் அவன் முதுகில் ஏறி மிதித்தான். எழுந்திருக்கப் பார்த்தான். யாரோ பிடித்துத் தள்ளியதில் தலை தொட்டியின் கல் விளிம்பில் மோதியது. பச்சைத் தேங்காய் உடைந்த சத்தம். முகம் தண்ணீருக்குள் கிடந்தது. தூக்கியபோது உயிரில்லை. யார் கை என்று சொல்ல முடியாது. கூட்டத்தில் பல கைகள்.

மறுபடியும் தொட்டி சிவந்தது. மறுபடியும் மூன்று நாள் தண்ணீரைத் திறந்துவிட்டோம். நஜீஸாக்கியது யார் என்று இந்த முறை ஒருவரும் கேட்கவில்லை.

மையித்தைக் கழுவ ஆள் வரவில்லை. நஸ்ரா தனியாக, கடைசித் துறையில் வைத்துக் கழுவினாள்.

உன் சாட்சியில் சந்தேகம் இல்லையே? இல்லையென்று எழுது. எனக்குத் தூக்கம் வேண்டும்.

முஹன்னா


குவைத்
துல்ஹஜ் 19, 1381

அண்ணன் அவர்களுக்கு,

ஸலாம். சுகம் என்று எழுத வரவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

இதைக் கொண்டுவருபவரிடம் ஒரு கம்பளியும் இரண்டு உடைத் துணியும் கொடுத்திருக்கிறேன். நஸ்ராவிடம் கொடுங்கள். யார் தந்தது என்று சொல்ல வேண்டாம். அவளை யாரும் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உம்மாவை எனக்காகத் துஆ செய்யச் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்டால், சும்மா என்று சொல்லுங்கள்.

கல்ஃபான்


ஸஹ்மா
முஹர்ரம் 17, 1382

கல்ஃபானுக்கு,

உம்மா சுகம். மதினி சுகம். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

நேற்று ஒட்டகக்காரன் மத்தர் வந்தான். உன்னை மஸ்கத்தில் விட்டுவிட்டுத் தெற்கே போனவன், ஏழு மாதம் கழித்து இப்போதுதான் இந்தப் பக்கம் வருகிறான். ஊரில் நடந்தது ஒன்றும் அவனுக்குத் தெரியாது. காப்பி ஊற்றிக் கொடுத்தேன். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டே சொன்னான்.

"உங்க தம்பி பெரிய மனசுக்காரருய்யா. நான் கூட்டிட்டுப் போன பயலுக எல்லாம் காஞ்ச கருவாட்டோட வருவானுக. இவரு ஒரு முழு ஆட்டையே அறுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தாரு. மூணு நாளும் கறிதான். நல்ல கொழுத்த ஆடு. உங்க வீட்டு ஆடு நல்ல எனம்யா."

நம் வீட்டில் இருந்தது இரண்டு ஆடு. நீ போன அன்றும் இரண்டு. இன்றும் அதே இரண்டு, ஒன்று குட்டி போட்டிருக்கிறது. உன் மதினி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீ இறைச்சியை ஒதுக்குவது ஏன் என்று அன்று கேட்டிருந்தேன். இப்போது வேறு கேள்வி. அந்த ஆடு யாருடையது? நீ கதை சொன்னால் கடிதத்தைக் கிழித்துவிடுவேன்.

முஹன்னா


குவைத்
ஸஃபர் 14, 1382

அண்ணே,

ஸுவைலிமுடைய ஆடுதான்.

வெறுங்கையோடு ஒட்டகக்காரர்களோடு போக வெட்கமாக இருந்தது. அவன் ஆடு வேலிக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்தது. பிடித்தேன். கீழே கடைசித் துறைக்குக் கொண்டுபோய் அறுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அன்று மாலைதான் அங்கே ஒரு மையித்தைக் கழுவியிருந்தார்கள். இருட்டில் தனியாக அங்கே போக எனக்குப் பயம். மேலே குடிதுறையில் வைத்து அறுத்தேன். திருட்டு ஆட்டை பிஸ்மி சொல்லி அறுத்தேன். ஓடுகிற தண்ணீர், விடிவதற்குள் தானே கழுவிக்கொண்டு போய்விடும் என்று நினைத்தேன். கயிறு எப்போது விழுந்தது என்று தெரியாது.

உங்கள் முதல் கடிதத்துக்கே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் வாய்க்கால் காவல்காரர், உங்கள் தம்பியே செய்தான் என்றால் என்ன ஆகும் என்று பயந்தேன். என் மணிக்கட்டுக்கும் பயந்தேன். அவனே என்னை நல்லவன் என்று சொன்னதாக எழுதினீர்களே, அதற்குப் பிறகு சொல்ல இன்னும் கஷ்டமாகிவிட்டது. தோளைப்பற்றி எழுதினால் நீங்கள் என்னைக் கேட்பதை நிறுத்திவிடுவீர்கள் என்று எழுதினேன். கொன்றுவிடுவீர்கள் என்று நினைக்கவில்லை. அடிப்பீர்கள் என்று நினைத்தேன், அதுவும் உண்மை.

வரச் சொன்னால் வருகிறேன்.

கல்ஃபான்


ஸஹ்மா
ரபீஉல் அவ்வல் 19, 1382

கல்ஃபானுக்கு,

உன் கடிதத்தைச் சபையில் வாசித்தேன், ஒரு எழுத்து விடாமல். கடிதத்தை மடித்து வைத்தேன். அப்புறம் ஒருவர் செருமிக்கொண்டு சொன்னார், "போனது போச்சு. இத வெளிய விட்டா ஊர் பேரு நஜீஸாயிரும். நஸ்ராவுக்குத் தெரிய வேணாம்." எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தச் சொல்லுக்கு இன்னும் ஓர் இடம் கிடைத்துவிட்டது. நீ உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

எனக்கும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. யார் கை என்று சொல்ல முடியாது என்று அன்று எழுதினேன். என் கைதான். எழுந்திருக்கப் பார்த்தவனைத் தொட்டிப் பக்கமாகத் தள்ளியது நான். அவன் திரும்பி என்னைப் பார்த்தான், ஆள் தெரிந்துதான் விழுந்தான். உன் பொய்யை நான் நம்பியதால் தள்ளினேன் என்று உன்மேல் போட்டுவிடலாம். போட மாட்டேன். உன் கடிதம் வருவதற்கு நாலு மாதம் முன்பே, ஒரு சாட்சியும் இல்லாமல், அவன் மணிக்கட்டை உடைத்தவன் நான்.

வாய்க்கால் காவலை விட்டுவிட்டேன். உடைந்ததற்குப் பதிலாகச் செய்த நிழல் அளக்கும் கம்பை வேறொருவர் வாங்கிக்கொண்டார்.

கடிதம் வாசித்த மறுநாள் காலை குடிதுறையில் முதல் தண்ணீரை நானே ஒரு குடத்தில் மொண்டேன், ஒருவரும் மொள்ளும் முன். தோளில் வைத்துக்கொண்டு நஸ்ரா வீட்டுக்கு நடந்தேன். இதுவரை கொடுக்காமல் வைத்திருந்த உன் கம்பளியையும் துணியையும் கொண்டுபோனேன். வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆடு, நீ, கடிதம், தோள், என் கை. அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைவதை நிறுத்தவில்லை. நான் முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குடத்தை வாங்கினாள். வாங்கிக்கொண்டாளே என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. அவள் அதை வாசற்படியில் மெதுவாகக் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துவிட்டு, காலிக் குடத்தை என் கையில் கொடுத்தாள். இரண்டு பல் போன வாயால் குழறித்தான் பேசினாள், ஆனால் ஒரு சொல்லும் தவறவில்லை.

"ஓடுற தண்ணி மூணு நாள்ல சுத்தமாயிரும்னு காழி சொன்னாருல்ல? உங்க கைக்கு எத்தன நாளுன்னு அவருகிட்டக் கேட்டுட்டு வாங்க. அதுக்கப்புறம் தண்ணி கொண்டாங்க."

கம்பளியைத் தொடவே இல்லை. அது என் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது.

நேற்று காழியிடம் போய்க் கேட்டேன். கிதாபை எடுத்தார், புரட்டினார், மூடினார். தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் முதலில் அவள் வாசலுக்குப் போ. அதற்கு முன் அங்கே படித்தவர்கள் யாராவது இருந்தால் கேள், உன் கைக்கு எத்தனை நாள் என்று. எனக்கும் சேர்த்துக் கேள்.

உம்மா சுகம். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. உன்னை நல்லவன் என்று சொல்ல ஊரில் இப்போது அவர் ஒருவர்தான் மீதி.

முஹன்னா